உப்பில்லாத ரொட்டியும் ஒரு சிவப்பு ஒயினும்

கியாந்தி ஒயினைத் தனியாகக் குடித்தால் முதலில் தெரிவது புளிப்பு. பிறகு ஈறுகளில் ஏறும் துவர்ப்பு. கொட்டைப்பாக்கை மென்றதுபோல வாய் ஒரு கணம் வறண்டுவிடுகிறது. மணத்துக்குக் குறைவில்லை: புளிப்புச் செர்ரி, காய்ந்த மூலிகைத் தழை, மழை நின்ற பிறகு எழும் மண்வாடை. ஆனாலும் வெறும் வயிற்றில் இந்த ஒயின் பாதிதான் பேசுகிறது. மீதியை வேறெதனிடமோ விட்டு வைத்திருக்கிறது.

அந்த மீதியைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள். அதைக் குறை என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

*

கியாந்தி என்பது இத்தாலியின் டஸ்கனியில், ஃப்ளாரன்சுக்கும் சியேனாவுக்கும் நடுவே கிடக்கிற மலைகள். க்ரேவே, ராத்தா, கயோலே, காஸ்தெல்லீனா என்று சிறு ஊர்கள். படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எங்கும் திராட்சைத் தோட்டமாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் இது காட்டு நாடு. கியாந்தி கிளாசிகோ எனப்படும் இந்த வட்டாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓக்கும் செஸ்ட்நட்டும் நிற்கிற காடு. திராட்சைக்குக் கிடைத்தது பத்தில் ஒரு பங்கு. காட்டுக்குள் பன்றி, காட்டோரத்தில் ஒலிவ மரங்கள், சரிவுகளில் கொடி. இங்கே சாப்பிடுகிறவை எல்லாம் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் விளைகின்றன.

மண்ணில் இரண்டு கற்களை எல்லோரும் சொல்வார்கள். கையால் நொறுக்கினால் தகடு தகடாக உதிரும் கலேஸ்த்ரோ ஒன்று. வெளிறிய, கெட்டியான சுண்ணாம்புக்கல் அல்பரேசே மற்றொன்று. இரண்டிலும் நெல்லோ வாழையோ வராது. கொடிக்கு அது போதும்.

1716இல் டஸ்கனியின் கோமான் மூன்றாம் கோசிமோ ஓர் அரசாணையால் கியாந்தியின் எல்லையை வரைந்தார். ஒரு ஒயினின் பெயரை இந்த நிலத்துக்கு வெளியே யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் சொன்ன மிகப் பழைய தருணங்களில் அது ஒன்று. 1924இல் ராத்தாவில் 33 உற்பத்தியாளர்கள் கூடி, கறுப்புச் சேவலைச் சின்னமாக வைத்து ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்றும் அந்தச் சேவல் புட்டிக் கழுத்தில் இருக்கிறது.

*

ஒரு மனிதர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே கேள்விக்குக் கொடுத்ததை நினைத்துப் பார்க்கிறேன். பெத்தினோ ரிகாசொலி. கயோலேக்கு அருகிலுள்ள பிரோலியோ கோட்டையின் சொந்தக்காரர். அந்தக் கோட்டை 1141 முதல் அவருடைய குடும்பத்தின் கையில். இளம் வயதிலேயே கடன்பட்ட பண்ணையின் பொறுப்பை ஏற்றவர். 1861இல் பிரதமர் கவூர் இறந்ததும் ஒன்றுபட்ட இத்தாலியின் பிரதமர், 1866இல் மறுபடியும். வளையாத குணத்தால் இரும்புப் பிரபு என்று பெயர் வாங்கியவர். நாட்டை இணைக்கிற வேலைக்கு நடுவிலும் அவர் கொடிகளை விடவில்லை. பிரான்சுக்குப் போய்ப் பார்த்தார், வெவ்வேறு ரகங்களை நட்டார், தனித்தனியாகவும் சேர்த்தும் புளிக்கவைத்துப் பார்த்தார், எழுதி வைத்தார்.

1872 செப்டம்பரில் பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் சேசரே ஸ்டூடியாட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில்தான் தன் முடிவைச் சொல்கிறார். சாஞ்ஜோவேசே திராட்சை மணத்தையும் உரத்தையும் தருகிறது. அதன் கடுமையைக் கனாயோலோ என்ற இன்னொரு திராட்சை தன் இனிமையால் தணிக்கிறது. தணித்தும் மணத்தைக் கெடுப்பதில்லை. மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை, இந்த இரண்டையும் இலேசாக்கி அன்றாடச் சாப்பாட்டுக்கு ஏற்றதாக்குகிறது. நாள்பட வைக்கும் ஒயினில் அதைக் குறைத்துக்கொள்ளலாம். சாரம் இவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தில் என்னைத் தொடுவது, ஒவ்வொரு திராட்சையையும் அவர் இன்னொன்றை வைத்தே விவரிப்பது. கனாயோலோ எப்படிப்பட்டது என்று தனியாகச் சொல்ல அவரிடம் அதிகமில்லை. சாஞ்ஜோவேசேக்கு அது என்ன செய்கிறது என்று சொல்ல இருக்கிறது. இதில் சிறந்தது எது என்று அவர் கேட்கவில்லை. யாருக்கு எது வேண்டியிருக்கிறது என்று கேட்டார். வளையாதவர் என்று பெயரெடுத்த ஒருவர், தணிப்பதைப் பற்றி இவ்வளவு காலம் யோசித்திருக்கிறார்.

*

கனாயோலோவிடம் கொஞ்சம் நிற்கிறேன். அதன் பக்கம் யாரும் அதிகம் நிற்பதில்லை.

சாஞ்ஜோவேசே பிந்திப் பழுக்கும், புளிப்பு ஓங்கியது, நிறம் வெளிறியது. சில வருடங்களிலேயே கோப்பையின் விளிம்பில் செங்கல் நிறம் காட்டும். மண்ணையும் சரிவையும் வருடத்தின் வெயிலையும் ஒளிக்காமல் சொல்லிவிடும். ஆகவே எல்லாப் புகழும் அதற்கு. கனாயோலோவோ புளிப்பில் அடக்கமானது, துவர்ப்பில் மென்மையானது. அதைத் தனியாக ஒயினாக்குகிறவர்கள் சிலர் உண்டு. பூவாசனையோடு, எடையில்லாமல், நன்றாகவே இருக்கும். ஆனால் நீண்ட நாள் நிற்கும் ஒயின் அதிலிருந்து வருவது அரிது.

அதற்கு ஒரு தனிக் குணம் உண்டு. பறித்த பிறகு அழுகாமல் வாடும். அந்தக் குணத்தை நம்பித்தான் டஸ்கனியின் பழைய வழக்கமான கவெர்னோ இருந்தது. அறுவடையில் சில குலைகளை ஒதுக்கி, கூரைக்கடியில் வாடவைப்பார்கள். முதல் புளிப்பு முடிந்து ஒயின் அடங்கிய பிறகு, நவம்பர் டிசம்பர் வாக்கில், வாடின பழத்தை நசுக்கி அதில் சேர்ப்பார்கள். அடங்கின ஒயின் மறுபடி மெல்லக் கொதிக்கத் தொடங்கும். கூர்மையான புளிப்பு மழுங்கும், நாக்கில் சின்னக் குறுகுறுப்பு தங்கும், வசந்தத்துக்குள் குடிக்கத் தயாராகிவிடும். நாள்படக் காக்கும் ஒயினுக்கு இது ஒத்துவராது. அன்றாடம் குடிப்பவர்களுக்காகச் செய்தது அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பூச்சி வந்து ஐரோப்பாவின் கொடிகளை வேரோடு தின்றபோது, அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டித்தான் எல்லாவற்றையும் மீட்டார்கள். கனாயோலோ அந்த ஒட்டில் சரியாகப் பிடிக்கவில்லை. மெல்ல மெல்லக் குறைந்துபோனது. இப்போது சிலர் அதைத் தேடி நடுகிறார்கள். அவர்களை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

*

அந்தக் கடிதத்துக்கு நேர்ந்ததையும் எழுத வேண்டும்.

1967இல் இத்தாலிய அரசு கியாந்திக்குச் சட்டம் வகுத்தது. சாஞ்ஜோவேசே 50 முதல் 80 சதவீதம், கனாயோலோ 10 முதல் 30, வெள்ளைத் திராட்சை 10 முதல் 30. ரிகாசொலி விருப்பத்துக்கு விட்டது கட்டாயமாயிற்று. அதோடு, அவர் கடிதத்தில் இல்லாத திரெப்பியானோவும் உள்ளே வந்தது. கொத்துக் கொத்தாகக் காய்க்கும், சுவை குறைந்த வெள்ளை ரகம் அது. உழவர்களுக்கு விளைச்சல் முக்கியமாக இருந்த காலம். நிலக்கிழாரும் உழவரும் பாதிப் பாதியாகப் பங்கிடும் மெட்சாத்ரியா முறையில் புது ஒப்பந்தங்களை 1964இல்தான் சட்டம் தடுத்திருந்தது. மக்கள் நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மேப்பிள் மரத்தில் ஏறிய கொடிகளுக்கும் இடையிடையே விதைத்த கோதுமைக்கும் பதிலாக, டிராக்டர் போகும் அகலத்தில் புது வரிசைகள் நடப்பட்டன. அந்த அவசரத்தில் வந்த ஒயின் மெலிந்தும் வெளிறியும் இருந்தது.

ஒயின் தயாரிப்பாளர் பியேரோ ஆந்தினோரி 1971ஆம் ஆண்டு விளைச்சலில் திஞ்ஞானெல்லோ என்ற ஒயினைச் சட்டத்துக்கு வெளியே, வெறும் மேசை ஒயின் என்ற பெயரில் விட்டார். சில வருடங்களில் வெள்ளைத் திராட்சை அதிலிருந்து முற்றிலும் போய், கபெர்னே என்ற பிரெஞ்சு ரகம் வந்தது. ராத்தாவில் செர்ஜியோ மனேத்தி 1977இல் சாஞ்ஜோவேசே மட்டுமே கொண்ட லே பெர்கோலே தோர்த்தேயைத் தொடங்கினார். தன் மண்ணின் திராட்சையை மட்டுமே வைத்துச் செய்த ஒயினை அந்த மண்ணின் பெயரால் அழைக்கச் சட்டம் இடம்தரவில்லை. பிறகு சட்டம் தளர்ந்தது. 1996இல் கியாந்தி கிளாசிகோ சாஞ்ஜோவேசே மட்டுமே கொண்டிருக்கலாம் என்றாயிற்று. 2006ஆம் ஆண்டு விளைச்சல் முதல் அதில் வெள்ளைத் திராட்சைக்கு இடமில்லை. இன்று 80 சதவீதமாவது சாஞ்ஜோவேசே இருக்க வேண்டும். மீதிக்குக் கனாயோலோ, கொலொரினோ போன்ற உள்ளூர் ரகங்களும் வரலாம், மெர்லோ, கபெர்னே போன்ற வெளி ரகங்களும் வரலாம்.

மெர்லோ சேர்ந்த கியாந்தி உருண்டு திரண்டிருக்கும். புளிப்பு தெரியாது, துவர்ப்பு பட்டாக இறங்கும். உணவில்லாமலே குடித்துவிடலாம். பலருக்கு அது பிடிக்கிறது, அதில் தவறில்லை. ஆனால் பீப்பாய்க்குள்ளேயே எல்லாம் நிரப்பப்பட்டுவிட்டதால், மேசைக்கு அங்கே வேலை இல்லை. கனாயோலோ அப்படிச் செய்வதில்லை. கடுமையைக் கொஞ்சம் தணித்துவிட்டு மீதியைச் சாப்பாட்டுக்கு விட்டுவிடுகிறது. எனக்கு அந்த ஒயின்தான் வேண்டும்.

*

டஸ்கனியின் ரொட்டியில் உப்பு இல்லை.

முதல் முறை கடிக்கிறவர்களுக்கு உப்புப் போட மறந்துவிட்டார்கள் என்று தோன்றும். வரி என்றும், பீசா உப்பைத் தடுத்தது என்றும் காரணக் கதைகள் பல. 1302இல் ஃப்ளாரன்சிலிருந்து துரத்தப்பட்ட கவிஞர் தாந்தே, அயலாரின் ரொட்டி உப்புக் கரிப்பதை நாடு கடந்தவனின் துயரமாக எழுதினார். அந்தக் கரிப்பில் வெறும் கண்ணீர் மட்டுமல்ல, ஊரின் ருசியும் இருக்கிறது என்பது இந்த ரொட்டியைத் தின்னும்போதுதான் உறைக்கிறது.

தனியாக அது சப்பென்று இருக்கிறது. மேலே ஃபினோக்கியோனா வைத்தால் எல்லாம் மாறுகிறது. பெருஞ்சீரகம் கலந்து காயவைத்த பன்றி இறைச்சி அது. கொழுப்பும் உப்பும் தூக்கலாக இருக்கும். ரொட்டியில் உப்பிருந்தால் அதைத் தின்ன முடியாது. இறைச்சியின் உப்பை ரொட்டி வாங்கிக்கொள்கிறது, கொழுப்பை ஒயினின் புளிப்பு அறுத்து வாயைக் கழுவுகிறது, ஒயினின் துவர்ப்பைக் கொழுப்பு மழுக்குகிறது. மூன்றில் எதையும் தனியாகப் பெரிதாகப் புகழ முடியாது. செம்மறியாட்டுப் பாலின் முதிர்ந்த பாலாடைக்கட்டியான பெக்கொரீனோவும், கோழி ஈரலை நெத்திலியோடும் கேப்பரோடும் அரைத்துத் தடவிய ரொட்டித் துண்டும் இதே வழியில் ஒயினோடு சேர்கின்றன.

*

துவர்ப்பு எப்படி அடங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் இன்னும் மெதுவாகச் சாப்பிடுகிறேன்.

திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கிற டானின், எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. எச்சிலின் வழவழப்பு போய் நாக்கு சொரசொரப்பாகிறது. அதுதான் துவர்ப்பு. வாயில் இறைச்சி இருந்தால் டானினுக்குப் பற்றிக்கொள்ள வேறு புரதம் கிடைக்கிறது, கொழுப்பு நாக்கின்மேல் படர்கிறது. உப்பு கசப்பை அமுக்குகிறது. புளிப்பு புது எச்சிலை வரவழைக்கிறது. ஒவ்வொரு வாய்க்கும் நாக்கு மறுபடி தொடக்கத்துக்கே வந்துவிடுகிறது.

ஃப்ளாரன்சின் பிஸ்தெக்கா இதற்கு நேரடிச் சாட்சி. கியானா பள்ளத்தாக்கின் வெள்ளைப் பெருமாடான கியானீனாவின் இடுப்புப் பகுதி, எலும்போடு, நான்கைந்து விரல் கனத்தில். ஒரு கிலோவுக்குக் குறையாது. கரித்தணலில் இருபுறமும் வாட்டி, எலும்பின்மேல் நிறுத்திச் சூடேற்றி, உள்ளே சிவப்பாகவே பரிமாறுவார்கள். குழம்போ மசாலாவோ கிடையாது. உப்பு, சிலர் மிளகு, சிலர் ஒலிவ எண்ணெய். நன்றாக வேகவைத்துக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். இதற்கு முதிர்ந்த கியாந்தி வேண்டும், இரண்டு வருடமாவது காத்த ரிசெர்வா.

பிஸ்தெக்கா திருவிழா உணவு. இந்த மலைகளின் உழவர் அதை எத்தனை முறை தின்றிருப்பார்? அவர் குடித்ததும் பெரும்பாலும் நல்ல ஒயின் அல்ல. பிழிந்த சக்கையில் நீர்விட்டு எடுத்த மெலிந்த ஒன்று. அவருடைய இறைச்சி வெள்ளைப் பீன்ஸ். டஸ்கனிக்காரர்களைப் பீன்ஸ் தின்னிகள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வது இன்றும் உண்டு.

கியாந்தியின் பழைய புட்டியான ஃபியாஸ்கோவின் அடி உருண்டை. வைக்கோல் சுற்றினால்தான் அது நிற்கும். ஒயின் தீர்ந்த பிறகு வைக்கோலை உரித்துவிட்டு, அதே கண்ணாடிக்குள் பீன்ஸ், தண்ணீர், எண்ணெய், பூண்டு, சேஜ் இலை போட்டு, வாயை இறுக்காமல் அடைத்து, அணையப்போகும் அடுப்பின் சூட்டுச் சாம்பலில் இரவு முழுவதும் வைப்பார்கள். ரொட்டி சுட்ட அடுப்பின் மிச்சச் சூடு, ஒயின் தீர்ந்த புட்டி. காலையில் பீன்ஸ் தோல் கிழியாமல் வெண்ணெயாக வெந்திருக்கும். இதோடு இளம் கியாந்தியைக் குடிக்கும்போது, ஒயினின் கூர்மைக்கு இறைச்சிதான் தேவை என்ற எண்ணம் போய்விடுகிறது. பச்சை ஒலிவ எண்ணெயும் பீன்ஸின் மாவும் போதும்.

*

தக்காளியைப் பற்றி ஒரு வரி. 1548இல் மெதிச்சி கோமான் முதலாம் கோசிமோவின் வீட்டுக்கு ஒரு கூடை தக்காளி வந்ததாகப் பதிவு இருக்கிறது. சாதாரண அடுப்படிக்கு அது வர இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. சாஞ்ஜோவேசேயின் புளிப்பு அதற்கும் முன்பே அங்கே இருந்தது. உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பை மீறினால் ஒயின் தட்டையாகிவிடும். அதனால் தக்காளிக்குப் பல சிவப்பு ஒயின்கள் ஈடுகொடுப்பதில்லை, கியாந்தி கொடுக்கிறது. பழைய ரொட்டியைத் தக்காளியில் குழையவிட்டுத் துளசி வகை இலை தூவிய பாப்பா அல் பொமொதோரோவுக்கு நான் வேறு ஒயின் தேடியதில்லை. லிவோர்னோ துறைமுகத்தின் கச்சூக்கோ மீன் குழம்பும் தக்காளியால்தான் சிவப்பு ஒயினை ஏற்கிறது. மீனுக்கு வெள்ளை என்ற விதி அங்கே செல்லாது.

ரிபொல்லீத்தா வேறு மாதிரி. கரும்பச்சை முட்டைக்கோசு இலை, பீன்ஸ், பழைய ரொட்டி. நேற்றைய சூப்பை இன்று மறுபடி கொதிக்கவைப்பது. பனிக்கால உணவு. கீரையின் இலேசான கசப்புக்குக் கவெர்னோ முறையில் செய்த மென்மையான ஒயின் பொருந்தும்.

*

ஃப்ளாரன்சுக்குத் தெற்கே இம்ப்ருனேத்தா. அங்கே மண் சுடும் சூளைகள். கட்டடக் கலைஞர் பிரூனெல்லெஸ்கி 1420 முதல் 1436 வரை எழுப்பிய ஃப்ளாரன்சுப் பெரிய கோவிலின் குவிமாடத்துக்கு ஓடுகள் இந்தச் சூளைகளிலிருந்து போயின. சூளைக்காரர்களின் சாப்பாடு பெபோஸோ. மாட்டின் கடினமான தசை, பூண்டு, மிக அதிகமாக மிளகு, மூழ்கும் அளவுக்குச் சிவப்பு ஒயின். மண்சட்டியில் போட்டுச் சூளை வாயில் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பல மணி நேரம் கழித்து இறைச்சி கரண்டிக்கே பிரியும். இந்தச் சட்டிக்குள் பழைய மிளகு வழியின் கரைகளெல்லாம் சேர்கின்றன. மிளகு இந்த மலைகளில் விளையாது; மலபார்க் கரையில் கப்பலேறி, அலெக்சாந்திரியா, வெனிஸ் கடந்து வந்த சரக்கு அது. மிளகின் காரத்தை இந்த ஒயின் தாங்குகிறது, ரசிக்கவும் செய்கிறது.

மிளகாயைத் தாங்காது. அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் சமையலோடு சேருமா என்ற கேள்வி நம்மவர்களிடம் கட்டாயம் வரும். மிளகாயின் எரிவை ஆல்கஹால் கூட்டும், துவர்ப்பு முரடாகும், செர்ரி மணம் காணாமல்போகும். காரக்குழம்பும் கெட்டுப்போகும், ஒயினும் கெட்டுப்போகும். மிளகு போட்டு வறுத்த ஆட்டிறைச்சி என்றால் இரண்டும் பிழைக்கும்.

இந்த ஒயினைப் பதினாறு, பதினெட்டு டிகிரியில் குடிக்க வேண்டும். நம் ஊர் அறை வெப்பத்தில் வைத்தால் ஆல்கஹால்தான் மேலே வரும். கொஞ்ச நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் போதும்.

*

இனிப்போடு கியாந்தி சேராது. இனிப்புக்குப் பக்கத்தில் அதன் புளிப்பு வெறும் காடியாகத் தெரியும். அந்த இடத்துக்குத்தான் மல்வாசியா வருகிறது.

சிவப்பிலிருந்து விலக்கப்பட்ட அந்த வெள்ளைத் திராட்சைக்கும், பழி சுமந்த திரெப்பியானோவுக்கும் டஸ்கனியில் எப்போதும் இன்னொரு வேலை இருந்தது: வின் சாந்தோ. குலைகளை உத்தரத்தில் தொங்கவிட்டோ நாணல் பாயில் பரப்பியோ குளிர்காலம் நெடுக வாடவைக்கிறார்கள். தேனாகச் சுருங்கிய பழத்தைப் பிழிந்து சிறு பீப்பாய்களில் அடைத்து, கூரைக்கு நேர் கீழே வைத்துவிடுகிறார்கள். கோடையின் சூட்டில் அது புளிக்கும், குளிரில் நிற்கும், மறு கோடையில் மறுபடி தொடங்கும். மூன்று வருடமாவது யாரும் திறப்பதில்லை. சிலர் பத்து வருடம்வரை விடுகிறார்கள். ரிகாசொலியின் பிரோலியோவிலும் இதைச் செய்கிறார்கள். அன்றாடச் சாப்பாட்டுக்கு ஒயினை இலேசாக்கத்தான் அவர் மல்வாசியாவைக் கேட்டார். கூரைக்கடியில் அதே திராட்சை வெல்லப்பாகின் நிறத்தில் கனத்துப்போகிறது.

சிவப்புக் கோப்பைகளை எடுத்த பிறகு அதைச் சிறிய கண்ணாடியில் ஊற்றி, பிராத்தோ ஊரின் பாதாம் பிஸ்கட்டான கந்தூச்சியோடு தருகிறார்கள். இரண்டு முறை சுட்ட பிஸ்கட், பல்லுக்குக் கடினம். நனைத்துக் கொஞ்சம் பொறுத்தால் மாவு இளகிவிடும், பாதாம் மட்டும் கெட்டியாகவே இருக்கும்.